பெரிய நாடுகளின் வர்த்தகச் சண்டை: ஆதாயம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

இரண்டு பெரிய தேசங்கள் ஒன்றன் சரக்கின்மீது மற்றொன்று வரி போட்டுப் போராடும் செய்தி பத்திரிகையில் வரும்போது, ‘இது பெரிய இடத்து விவகாரம், தறிக்காரனுக்கும் பருத்தி விவசாயிக்கும் இதில் என்ன இருக்கிறது?’ என்று நம் அங்கத்தினர்களில் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துக்குப் பிறகு அவ்வாறு புரட்டிவிடுவது சரியன்று. அம்மாதம் 27ஆம் தேதி முதல், இந்தியச் சரக்குகளில் பெரும்பாலானவற்றின்மீது அமெரிக்கா விதித்த கூடுதல் தீர்வை 50 சதவீதமாயிற்று. அதில் பாதி, இந்தியா ருஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணங்காட்டி விதிக்கப்பட்டது. ருஷ்ய எண்ணெய்க்கும் கரூரில் நெய்யப்படும் படுக்கை விரிப்புக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் தீர்வை விரிப்பின்மீதுதான் விழுந்தது.

சுங்கத் தீர்வை நல்லதா, தீயதா என்ற பெரிய வாதத்துக்குள் இப்பாடத்தில் நாம் இறங்கவில்லை. ஒரு நாடு தன் இளந்தொழிலைக் காப்பதற்குத் தீர்வை விதிப்பது பலவிடங்களில் நியாயமே. நாம் ஆராய எடுத்துக்கொண்டது ஒரேயொரு கேள்வி: வல்லரசுகள் தீர்வையை ஆயுதமாகக் கொண்டு சண்டையிடும்போது, அந்தச் சண்டையின் செலவை யார் கொடுக்கிறார்கள், அதன் வரவை யார் எடுத்துக்கொள்கிறார்கள்? இதற்கு விடைகாண, 2018இல் அமெரிக்காவும் சீனாவும் தொடங்கிய போராட்டத்தைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். அதன் கணக்குகள் பெரும்பாலும் வெளிவந்துவிட்டன. ஆகையால் ஊகத்தை விட்டுக் கணக்கைக் கொண்டே பேசலாம்.

1. தீர்வையைச் செலுத்துபவர் யார்?

அயல்நாட்டுச் சரக்கின்மீது தீர்வை விதித்தால் அதை அயல்நாட்டான் செலுத்துகிறான் என்பது பொதுவான எண்ணம். நடைமுறை அவ்வாறன்று. சரக்கு துறைமுகத்தில் இறங்கும்போது சுங்க இலாகாவில் பணம் கட்டுபவர், சரக்கை வரவழைத்த உள்நாட்டு வியாபாரியே. அதன்பின் அவர் அச்சுமையை எவர் தலைக்கு மாற்றுகிறார் என்பதே கேள்வி.

உதாரணமாக, 100 ரூபாய் விலையுள்ள ஒரு துண்டின்மீது 25 ரூபாய் தீர்வை விழுந்ததாகக் கொள்வோம். இந்த 25 ரூபாய் வரக்கூடிய பைகள் மூன்று. சரக்கை அனுப்பியவர் விலையைக் குறைத்துத் தம் பையிலிருந்து கொடுக்கலாம். இறக்குமதி செய்தவர் தம் லாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அல்லது கடையில் விலை ஏறி, வாங்கி உபயோகிப்பவர் கொடுக்கலாம். பெரும்பாலும் மூவரும் ஏதோ ஒரு விகிதத்தில் பங்கிட்டுக்கொள்வர்.

அந்த விகிதத்தைத் தீர்மானிப்பது எது? சந்தைக்குச் சென்று பழகிய நம் அங்கத்தினர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தக்காளிக் கூடையோடு வந்தவர் பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டும். புளி கொண்டுவந்தவர் விலை படியாவிட்டால் வீட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்வார். தரகர் இருவரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. எவருக்குக் காத்திருக்க முடியவில்லையோ, எவருக்கு வேறு சந்தை இல்லையோ, அவரே அதிகம் விட்டுக்கொடுக்கிறார். வல்லரசுகளின் சண்டையிலும் இதே விதிதான் நடக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2. 2018இல் நடந்தது

2018ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா சலவை இயந்திரங்கள்மீதும் சூரிய ஒளி மின்பலகைகள்மீதும் தீர்வை விதித்தது. மார்ச் மாதத்தில் உருக்குக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் விதித்தது. ஜூலை 6ஆம் தேதி, சீனாவிலிருந்து வரும் 3,400 கோடி டாலர் மதிப்புள்ள சரக்குகள்மீது 25 சதவீதத் தீர்வை அமலுக்கு வந்தது. அதே நாளில் சீனா, ஏறத்தாழ அதே மதிப்புள்ள அமெரிக்கச் சரக்குகள்மீது 25 சதவீதம் திருப்பி விதித்தது. சீனாவின் பட்டியலில் முக்கியமான பண்டம் சோயா மொச்சை. பருத்தியும் அதில் இருந்தது.

சோயாவைச் சீனா தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சீனாவில் பன்றிக்கும் கோழிக்கும் போடும் புண்ணாக்குக்கு உலகெங்குமிருந்து சோயா வாங்கப்படுகிறது. 2017இல் அமெரிக்கா சீனாவுக்கு அனுப்பிய சோயா சுமார் 3.2 கோடி டன். அதன் மதிப்பு 1,200 கோடி டாலருக்கு மேல். அதாவது அமெரிக்க விவசாயி ஒரே வாடிக்கையை நம்பியிருந்தார். அந்த வாடிக்கைக்கோ பிரேசில் என்ற வேறு கடை இருந்தது. அடி எங்கே விழுந்தால் நோகும் என்பது எதிராளிக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஜூலை 6ஆம் தேதி ‘பீக் பெகாசஸ்’ என்ற கப்பலுக்கு நேர்ந்ததை உலகமே பார்த்தது. ஜூன் மாதத்தில் சியாட்டில் துறைமுகத்தில் சுமார் 70,000 டன் சோயா ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அக்கப்பல், தீர்வை அமலுக்கு வருமுன் சீனாவின் தாலியன் துறைமுகத்தை அடைந்துவிட விரைந்தது. சில மணி நேரம் தாமதமாயிற்று. அவ்வளவே, அதற்குள் 25 சதவீதம் ஏறிவிட்டது. சரக்கை இறக்குவதா, திருப்புவதா என்று தீர்மானிக்க முடியாமல் அக்கப்பல் ஒரு மாதத்துக்கு மேல் கடலிலேயே சுற்றிக்கொண்டிருந்து, ஆகஸ்டில்தான் சரக்கை இறக்கியது. கப்பலைக் கடலில் நிறுத்தி வைப்பதற்கு நாளொன்றுக்குச் சுமார் 12,500 டாலர் செலவு என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. பெருவியாபாரி இச்செலவைத் தாங்கிக்கொள்வார். பத்துக் கப்பலில் ஒன்றில் வரும் நஷ்டத்தை மற்ற ஒன்பதில் ஈடுசெய்துகொள்வார். ஒரே பயிரை நம்பியிருப்பவருக்கு அந்த வழி இல்லை.

3. அமெரிக்க விவசாயியின் கணக்கு

அமெரிக்காவில் சோயாவை ‘புஷல்’ கணக்கில் விற்கிறார்கள். ஒரு புஷல் 60 ராத்தல், அதாவது சுமார் 27 கிலோ. 2018 வசந்தத்தில் புஷல் 10 டாலருக்கு மேல் விற்றது. ஜூலை நடுவில் எட்டரை டாலருக்கும் கீழே இறங்கியது. விதை, உரம், நிலக் குத்தகை எல்லாம் பழைய விலையில் செலவழித்து, பயிர் வயலில் நிற்கும்போது விலை இறங்கிற்று. அந்நிலையில் விவசாயி செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அவ்வாண்டு சீனாவுக்குச் சென்ற அமெரிக்க சோயா சுமார் 80 லட்சம் டன் மட்டுமே. முந்திய ஆண்டில் சென்றதில் இது நாலில் ஒரு பங்கு. மிகவும் அடிபட்ட பிரதேசங்களில் ஒன்று வடக்கு டகோட்டா மாநிலம். அங்கு விளையும் சோயாவில் பெரும்பகுதி ரயிலேறி மேற்குக் கடற்கரைத் துறைமுகங்கள் வழியாகச் சீனாவுக்குச் செல்லும்படியே கிடங்கும் பாதையும் அமைந்திருந்தன. அந்த ஒரு வழி அடைபட்டவுடன் உள்ளூர்க் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 2019 செப்டம்பர் தொடக்கத்தில் அமெரிக்கா முழுவதிலும் விற்காமல் மிஞ்சிய பழைய இருப்பு சுமார் 2½ கோடி டன். அதற்கு முந்திய ஆண்டின் இருப்பைப்போல் இது இரு மடங்கு.

இங்கே கூட்டுறவாளர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்க விவசாயிகளுக்குக் கூட்டுறவுக் கிடங்குகள் இல்லாமல் இல்லை; நம்முடையதைவிடப் பன்மடங்கு பெரிய கிடங்குகள் உண்டு. கிடங்கு அவர்களுக்குச் சில மாதங்கள் காத்திருக்கும் சக்தியை அளித்தது. ஆனால் இரண்டாவது வாடிக்கையைக் கிடங்கு தேடித் தராது. போன வாடிக்கைக்குப் பதிலாக ஐரோப்பிய நாடுகள் அமெரிக்க சோயாவை அதிகமாக வாங்கின. விலை மலிந்ததனால்தான் வாங்கின.

அரசாங்கம் உதவிக்கு வந்தது உண்மையே. 2018இல் 1,200 கோடி டாலர் வரையிலும், 2019இல் மேலும் 1,600 கோடி டாலர் வரையிலும் நிவாரணத் திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. முதலாண்டில் சோயாவுக்குப் புஷலுக்கு 1 டாலர் 65 சென்டும், பருத்திக்கு ராத்தலுக்கு 6 சென்டும், மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு ஒரே ஒரு சென்டும் கிடைத்தன. விளைந்த அளவுக்கும் பயிரிட்ட பரப்புக்கும் ஏற்ப உதவி அளிக்கப்பட்டதால், பெரிய பண்ணைக்குப் பெரிய தொகையும் சிறிய பண்ணைக்குச் சிறிய தொகையும் போய்ச்சேர்ந்தன. நிலச் சொந்தக்காரருக்கும் சாகுபடி செய்தவருக்கும் ஏதோ கிடைத்தது. விவசாயிக்கு இயந்திரம் விற்ற கடைக்காரருக்கும், மூட்டை தூக்கிய தொழிலாளிக்கும், விவசாயியின் செலவினால் பிழைக்கும் சிற்றூர் வியாபாரிக்கும் அத்திட்டத்தில் இடமில்லை. நிவாரணம் எப்போதும் பதிவேட்டில் பெயருள்ளவரைத் தேடித்தான் செல்லும் என்பது எந்நாட்டுக்கும் பொருந்தும்.

4. வாங்கி உபயோகித்தவரின் கணக்கு

இனி மற்றொரு பக்கத்தைப் பார்ப்போம். சலவை இயந்திரத் தீர்வை உள்நாட்டு ஆலைகளைக் காக்கும் நோக்கத்துடன் விதிக்கப்பட்டது. அந்நோக்கம் முற்றிலும் பொய்க்கவில்லை. கொரியக் கம்பெனிகள் இரண்டு அமெரிக்காவிலேயே ஆலை திறந்தன. ஏறத்தாழ 1,800 புதிய வேலைகள் உண்டாயின என்று பின்னர் ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள் கணக்கிட்டனர். ஆனால் அதே நிபுணர்கள் கடை விலைகளையும் ஆராய்ந்தனர். சலவை இயந்திரத்தின் விலை சுமார் 12 சதவீதம், அதாவது ஒன்றுக்கு 86 டாலர் அளவு, ஏறிற்று. துணி உலர்த்தும் இயந்திரத்தின்மீது தீர்வையே இல்லை. ஆயினும் இரண்டையும் ஜோடியாக விற்பது வழக்கமாதலால் அதன் விலையும் அதே அளவு ஏறிற்று. மொத்தத்தில் உபயோகிப்போர் ஆண்டொன்றுக்குச் சுமார் 150 கோடி டாலர் அதிகம் கொடுத்தனர். ஒரு வேலையை உண்டாக்குவதற்கு 8 லட்சத்து 15 ஆயிரம் டாலர் செலவாயிற்று என்பது அவர்கள் கணக்கு.

சீனச் சரக்குகள்மீது விதித்த தீர்வையிலும் நிலைமை இதுவே. 2018, 2019ஆம் ஆண்டுகளின் சுங்கப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தவர்கள், சீன ஏற்றுமதியாளர் தம் விலையை அநேகமாகக் குறைக்கவில்லை என்றும், தீர்வையின் சுமை ஏறத்தாழ முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்மீதும் உபயோகிப்போர்மீதும் விழுந்தது என்றும் கண்டனர். சர்க்கார் ஒரு கையால் உபயோகிப்போரிடம் வாங்கி, மறு கையால் விவசாயிக்கு நிவாரணம் கொடுத்தது. நடுவில் வாடிக்கை மட்டும் கைநழுவிப் போயிற்று.

சீனாவும் நஷ்டமின்றித் தப்பவில்லை. பிரேசில் சோயாவுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதாயிற்று. சீன ஆலைகளில் செய்யப்பட்ட பல சாமான்களுக்கு அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த ஆர்டர்கள் வேறு நாடுகளுக்குச் சென்றன. அந்த ஆலைகளில் வேலையிழந்த தொழிலாளிக்கு இந்தச் சண்டையில் யாதொரு குரலும் இருக்கவில்லை.

5. ஊர் இரண்டுபட்டபோது

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது நம் பழமொழி. இச்சண்டையில் கொண்டாடியவர்களில் முதல்வர் பிரேசில் நாட்டவர். 2017இல் சுமார் 5.4 கோடி டன்னாக இருந்த சீனாவுக்கான அவர்கள் சோயா ஏற்றுமதி, 2018இல் சுமார் 6.9 கோடி டன்னாயிற்று. அமெரிக்க சோயாவின் விலை இறங்கிய அதே மாதங்களில் பிரேசில் துறைமுகங்களில் சோயாவுக்குக் கூடுதல் விலை கிடைத்தது. மற்றொரு நாடு வியத்நாம். அங்கிருந்து அமெரிக்கா வாங்கிய சரக்கு 2018இல் சுமார் 4,900 கோடி டாலராக இருந்து, 2019இல் 6,600 கோடி டாலரைத் தாண்டிற்று.

இவர்கள் ஆதாயமடைந்தது அதிர்ஷ்டத்தினால் மட்டுமன்று. வாய்ப்பு வந்த நாளில் சரக்கும், கிடங்கும், துறைமுகமும், தரச் சான்றும் இவர்களிடம் தயாராக இருந்தன. பிரேசிலின் பரானா மாநிலத்தில் ‘கோயாமோ’ என்ற விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் உண்டு. 1970இல் 79 விவசாயிகள் கூடித் தொடங்கிய அச்சங்கம், இன்று தென் அமெரிக்காவின் பெரிய விவசாயக் கூட்டுறவுகளில் ஒன்று. கிடங்குகளும், எண்ணெய் ஆலைகளும், பரனகுவா துறைமுகத்தில் சொந்த ஏற்றுமதி நிலையமும் அதற்கு உள்ளன. இத்தகைய அமைப்பு உள்ள இடத்தில், துறைமுகத்தில் ஏறிய விலையில் ஒரு பகுதியாவது வயலுக்கு வந்து சேர வழியுண்டு. இல்லாத இடத்தில் ஏறிய விலை இடைத்தரகரோடு நின்றுவிடும்.

அதே பிரேசிலில் சோயாப் புண்ணாக்கு வாங்கிக் கோழி வளர்ப்பவருக்குத் தீவன விலை ஏறிற்று என்பதையும் மறக்கலாகாது. ஒரு தேசம் ஆதாயமடைந்தது என்று சொல்லும்போது, அத்தேசத்திலுள்ள அனைவரும் ஆதாயமடைந்ததாகப் பொருளாகாது. விற்பவருக்கு ஏறிய விலை, அதையே வாங்கித் தொழில் செய்பவருக்குச் சுமையாகும்.

சண்டையில் சேராதவருக்கும் நஷ்டம் வரக்கூடும். அமெரிக்கப் பருத்தி 2018 ஜூனில் நியூயார்க் சந்தையில் ராத்தல் 90 சென்டுக்கு மேல் விற்றது. 2019 ஆகஸ்டில் 60 சென்டுக்கும் கீழே போயிற்று. விளைச்சலும் தேவையும் மாறியது உள்ளிட்ட வேறு காரணங்களும் இதற்கு உண்டு. ஆயினும் இச்சண்டையும் ஒரு முக்கிய காரணம். பருத்திக்கு உலகச் சந்தை ஒன்றுதான். ஆகையால் நியூயார்க்கில் விலை இறங்கினால், அமெரிக்காவையோ சீனாவையோ கண்ணாலும் காணாத ஆப்பிரிக்க விவசாயிக்கும் இந்திய விவசாயிக்கும் விலை இறங்குகிறது. அவர்களுக்குப் புஷலுக்கோ ராத்தலுக்கோ நிவாரணம் கொடுக்க எவரும் இருக்கவில்லை.

6. சமாதானத்துக்குப் பிறகு

2020 ஜனவரி 15ஆம் தேதி இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இரண்டாண்டுகளில் 20,000 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கைக் கூடுதலாக வாங்குவதாகச் சீனா ஒப்புக்கொண்டது. அந்த அளவு நிறைவேறவில்லை. நடுவில் சில பருவங்களில் அமெரிக்க சோயாவைச் சீனா மீண்டும் ஏராளமாக வாங்கியது உண்மை. ஆனால் போக்கு மாறிவிட்டது. 2016இல் சீனா வெளிநாட்டிலிருந்து வாங்கிய சோயாவில் ஐந்தில் இரண்டு பங்கு அமெரிக்காவினுடையது; 2024இல் அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

2025இல் சண்டை மீண்டும் மூண்டது. ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கா 145 சதவீதம் வரையிலும் சீனா 125 சதவீதம் வரையிலும் தீர்வையை உயர்த்தி, மே மாதத்தில் இறங்கி வந்தன. அவ்வாண்டின் புதிய சோயா அறுவடைக்கு வந்தபோது சீனாவிடமிருந்து ஆர்டர் வரவில்லை. அக்டோபர் 30ஆம் தேதி இரு நாட்டுத் தலைவர்களும் கொரியாவில் சந்தித்த பிறகு, 2026 முதல் மூன்றாண்டுகள் ஆண்டுக்கு 2½ கோடி டன் வாங்குவதாகச் சீனா வாக்களித்தது என்று அமெரிக்க அரசாங்கம் அறிவித்தது. இந்த வாக்குறுதியைச் சண்டைக்கு முந்திய 2017ஆம் ஆண்டின் 3.2 கோடி டன்னோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தீர்வையை ஒரே கையெழுத்தில் இறக்கிவிடலாம். ஆனால் விலகிச் சென்ற வாடிக்கையாளர் இதற்குள் வேறிடத்தில் துறைமுகமும் ஒப்பந்தமும் பழக்கமும் ஏற்படுத்திக்கொண்டுவிடுகிறார்.

7. நம் வீட்டுக் கணக்கு

இப்போது 2025 ஆகஸ்டுக்குத் திரும்புவோம். திருப்பூர்ப் பின்னலாடையிலும் கரூர் வீட்டு உபயோகத் துணியிலும் கணிசமான பங்கு அமெரிக்காவுக்குச் செல்வது. அம்மாதத்தில் இந்தியச் சரக்குக்குக் கூடுதல் தீர்வை 50 சதவீதமானபோது, போட்டி நாடுகளான வங்காள தேசத்துக்கும் வியத்நாமுக்கும் 20 சதவீதமும் பாகிஸ்தானுக்கு 19 சதவீதமும் இருந்தன. சட்டை ஒன்றுக்குச் சில ரூபாய் லாபத்தில் நடக்கும் தொழிலில் 30 சதவீத வித்தியாசத்தை எவராலும் தாங்க இயலாது. விலையைக் குறைத்து நஷ்டத்தில் அனுப்புவது, அல்லது ஆர்டரைக் கைவிடுவது என்ற இரண்டே வழிகள்தாம் பலருக்கு இருந்தன. தையல் இயந்திரத்தில் அமர்ந்திருக்கும் தொழிலாளிக்கு அந்த இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அவருக்கு வேலை நாள் குறைவதுதான் தெரியும்.

‘நமது கைத்தறிச் சேலையும் வேட்டியும் அமெரிக்காவுக்குப் போவதில்லையே’ என்று நெசவாளர் சொல்லலாம். நேராகப் போவதில்லை என்பது சரியே. ஆனால் ஏற்றுமதிக்கென நெய்த துணி அங்கே போகாவிட்டால் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பும். மலிவு விலையில் நம் துணியோடு போட்டியிடும். அடி சுற்றி வந்தாலும் அடிதான்.

மற்றொன்று நமது இயக்கத்துக்குள்ளேயே எழுந்த கேள்வி; இதை மூடி மறைப்பதில் பயனில்லை. 2021 முதல் இந்தியாவில் இறக்குமதிப் பருத்திக்கு 11 சதவீதத் தீர்வை இருந்துவந்தது. அமெரிக்கத் தீர்வையினால் அடிபட்ட ஜவுளித் தொழிலுக்கு மூலப்பொருள் மலிவாகக் கிடைக்க வேண்டுமென்று, 2025 ஆகஸ்டு 19 முதல் மத்திய அரசாங்கம் அத்தீர்வையை நீக்கியது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றிருந்த சலுகை, பிறகு டிசம்பர் 31 வரை நீட்டப்பட்டது. ஆலைக்காரர்கள் வரவேற்றனர். பருத்தி விவசாயிகள் எதிர்த்தனர். மகாராஷ்டிரம், குஜராத், தெலங்கானா முதலிய மாநிலங்களில் புதுப் பருத்தி சந்தைக்கு வரத் தொடங்குவது அக்டோபரில். சரியாக அந்தப் பருவத்திலேயே வெளிநாட்டுப் பருத்தி தீர்வையின்றி இறங்கினால் தம் விலை என்னாவது என்று அவர்கள் கேட்டது நியாயமே. நூல் விலை குறைந்தால் தறி ஓடும் என்று நெசவாளர் எதிர்பார்த்ததும் நியாயமே.

ஆக, வெளிநாட்டார் விதித்த ஒரு தீர்வை, இங்கே நெசவாளரையும் விவசாயியையும் எதிரெதிராக நிறுத்திற்று. ஒருவருக்கு வந்த உதவி மற்றவர் பையிலிருந்து எடுக்கப்பட்டது போலாயிற்று. இருவரும் ஒரே கூட்டுறவு இயக்கத்தின் அங்கத்தினர்கள். இதில் எவர் பக்கம் நிற்பது என்று சண்டையிடுவதைக் காட்டிலும், கணக்கைக் கேட்பதே கூட்டுறவாளருக்கு அழகு. கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு.

முதலாவது, பஞ்சில் ஆலைக்கு மிச்சமான 11 சதவீதம் நெசவாளர் வாங்கும் சிட்ட நூலின் விலையில் இறங்கிற்றா? இதை அறிய டில்லிக்குப் போக வேண்டியதில்லை. சங்கத்தின் நூல் கொள்முதல் பதிவேட்டில் ஜூலை விலையையும் நவம்பர் விலையையும் எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். இறங்கவில்லையென்றால், விவசாயி கொடுத்தது நெசவாளருக்கு வந்து சேரவில்லை, நடுவில் நின்றுவிட்டது.

இரண்டாவது, விவசாயிக்கு ஆதரவு விலை உண்மையிலேயே கிடைத்ததா? 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாயும் நீண்ட இழைப் பருத்திக்கு 8,110 ரூபாயும் குறைந்தபட்ச ஆதரவு விலையாக நிர்ணயிக்கப்பட்டன. இந்தியப் பருத்திக் கழகத்தின் கொள்முதல் நிலையம் அருகில், அறுவடைக் காலத்தில் திறந்திருந்தால்தான் அந்த விலை விவசாயிக்குப் பயன்படும். அறுவடைக்குப் பின் திறக்கும் நிலையம், காத்திருக்கச் சக்தியுள்ள வியாபாரிக்கே உதவும். தீர்வையை நீக்கும் ஆணை வரும்போதே, கொள்முதல் நிலையம் திறக்கும் தேதியும் வரவேண்டுமென்று கேட்பதில் நெசவாளரும் விவசாயியும் சேர்ந்தே கையெழுத்திடலாம்.

8. சங்கங்கள் செய்யத் தக்கவை

வல்லரசுகளின் சண்டையை நாம் நிறுத்த முடியாது. ஆனால் அதன் சுமை நம் தலையில் எவ்வளவு விழும் என்பதில் நமக்கும் ஓரளவு பங்குண்டு.

ஒன்று, வாடிக்கை ஒன்றையே நம்பியிருத்தல் ஆபத்து. வடக்கு டகோட்டா விவசாயி முட்டாளல்லர்; நல்ல விலை கொடுத்த வாடிக்கைக்கு விற்றார். எனினும் ஒரே வழி அடைபட்டபோது அவருக்கு மறு வழி இருக்கவில்லை. ஒரே ஏற்றுமதியாளருக்கோ ஒரே கொள்முதல் நிறுவனத்துக்கோ விற்பனையில் பாதிக்கு மேல் கொடுக்கும் சங்கம், விலை சிறிது குறைந்தாலும் இரண்டாவது, மூன்றாவது வாடிக்கையைப் பழக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு, காத்திருக்கும் சக்தியைச் சேர்க்க வேண்டும். கிடங்கு, ஈட்டுக் கடன், சேமநிதி ஆகிய மூன்றுமே காலத்தை விலைக்கு வாங்கும் சாதனங்கள். நல்ல ஆண்டில் லாபம் முழுவதையும் பங்கிட்டுக்கொண்டு, கெட்ட ஆண்டில் கூலிப் பட்டுவாடாவுக்குக் கடன் தேடும் சங்கம், தக்காளிக் கூடைக்காரரின் நிலையில் தன்னை வைத்துக்கொள்கிறது. அங்கத்தினர்கள் பொதுக்குழுவில் சேமநிதியைப் பற்றிய தீர்மானம் வரும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்று, ஆர்டரை எழுத்தில் வாங்க வேண்டும். தீர்வை மாறினால் வித்தியாசத்தை யார் ஏற்பது, சரக்கு முடிந்தபின் ஆர்டரை ரத்து செய்தால் நூலுக்கும் கூலிக்கும் பொறுப்பு யாருடையது என்ற இரண்டு வரிகள் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையில் எடுத்த ஆர்டரில் இவ்விரண்டும் எப்போதும் நெசவாளர் தலையிலேயே வந்து விழும்.

நான்கு, பதிவேடுகளை ஒழுங்காக வைத்தல். நிவாரணம் பதிவேட்டில் பெயருள்ளவரைத் தேடித்தான் செல்லும் என்று மேலே கூறினோம். தறி எண்ணிக்கை, வேலை நாள், பயிர்ப்பரப்பு, குத்தகைச் சாகுபடியாளரின் பெயர் ஆகியவை எழுதப்படாத சங்கத்தில், நாளை ஓர் உதவித் திட்டம் வந்தாலும் உழைத்தவருக்குப் போய்ச் சேராது. துணைத் தொழில் செய்யும் பாவு ஓட்டுவோர், சாயம் போடுவோர், நூல் சுற்றும் பெண்கள் ஆகியோரின் பெயர்களும் பட்டியலில் இருக்க வேண்டும். முதலில் வேலையிழப்பவர்கள் அவர்களே.

இப்பாடத்தின் சாரம் இதுதான். வர்த்தகச் சண்டையில் சண்டையிட்ட நாடு வென்றது, தோற்றது என்று பத்திரிகைகள் எழுதும். ஆனால் நஷ்டம் நாட்டின் பெயரைப் பார்த்து விழுவதில்லை. இரு நாடுகளிலும் காத்திருக்க முடியாதவர்மீதும், வேறு வாடிக்கை இல்லாதவர்மீதும் விழுகிறது. ஆதாயம், சண்டையிலிருந்து விலகி நின்று சரக்கைத் தயாராக வைத்திருந்தவருக்குச் செல்கிறது. தனி நெசவாளரோ தனி விவசாயியோ காத்திருக்கும் சக்தியைத் தாமாக உண்டாக்கிக்கொள்வது அரிது. பலர் கூடினால் அது சாத்தியம். சங்கம் என்று ஒன்றை நாம் வைத்துக்கொண்டிருப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

கல்வி வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நமது சங்கத்தின் சென்ற ஆண்டு விற்பனையில் மிகப் பெரிய வாடிக்கையாளரின் பங்கு எத்தனை சதவீதம்? அவர் நாளை நின்றுவிட்டால் எத்தனை மாதங்களுக்குக் கூலி கொடுக்க இயலும்?

2. 2025 ஜூலை முதல் டிசம்பர் வரை சங்கம் வாங்கிய சிட்ட நூலின் விலை மாதந்தோறும் எவ்வளவு? பஞ்சுத் தீர்வை நீங்கியதன் பலன் அதில் தென்படுகிறதா?

3. விலைச் சரிவு வந்தால் விளைபொருளை எத்தனை வாரங்கள் வைத்திருக்க நம்மிடம் கிடங்கும் ஈட்டுக் கடன் வசதியும் உள்ளன?

4. பருத்தி விலை ஏறினால் விவசாய அங்கத்தினருக்கு ஆதாயம், நெசவாள அங்கத்தினருக்கு நஷ்டம். இவ்விருவரும் சேர்ந்து அரசாங்கத்திடம் கேட்கக்கூடியவை எவை?